எழுநூற்று ஐம்பது சுற்று

தம்பி, அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொஞ்சம் மூடிவிடுங்கள். பஸ் குலுங்கும். சரி, விடுங்கள், நானே மூடிவிட்டேன்.

திருநெல்வேலிக்குத்தானே? நானும் அங்கேதான், கண் டாக்டரைப் பார்க்க. வீட்டில் கார் இருக்கிறது. இருந்தும் பஸ்ஸில் போகிறேன் என்றால், அந்தக் கார் பெட்ரோலைக் குடிப்பதில்லை, குளிக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வெளியூர் போகிறவன் ரோட்டைப் பார்த்து ஓட்ட முடியாது. அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே என்று பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் அது லேசுப்பட்ட வண்டி இல்லை. போன தை மாதம் தூத்துக்குடியில் எங்கள் பக்கத்துத் தெரு முழுவதும் அதைப் பற்றித்தான் பேச்சு. சொல்கிறேன், கேளுங்கள். ஒரு மணி நேரம் போக வேண்டுமே.

என் பெயர் பொன்பெருமாள். தீயணைப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பல் பக்கம் வேலை. முப்பத்து நாலு வருஷம். எண்ணெய்ப் பீப்பாய், கந்தக மூட்டை, பஞ்சுப் பொதி, எல்லாம் பார்த்தாயிற்று. அந்த முப்பத்து நாலு வருஷமும் நான் மற்றவர்களுக்குச் சொன்னது ஒரே புத்திதான்: திறந்தால் மூடு. அவ்வளவுதான். இதை உலகம் கேட்டிருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

வண்டி எனக்குக் கிடைத்தபோது அதற்கு வயது நாற்பது. ஒரு கப்பல் கம்பெனியின் கிட்டங்கியில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் தூசி மூடிக் கிடந்தது. ஜப்பான்காரன் செய்தது. சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும், தெரியுமில்லையா? இதில் குதிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. வயிறு பருத்த ஒரு முக்கோணம் உள்ளே வழுவழுவென்று சுற்றும். மாவு கிரைண்டரில் கல் சுற்றுகிறதே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கியரும் தானே மாறும். ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், தானாக ஊர்ந்து போகும்.

எவ்வளவு வேகமாக ஊரும்? அதில்தான் என் மானமே மாட்டிக்கொண்டது.

என் தங்கை ராஜகனி. எனக்கு ஒன்பது வயது இளையவள். அவளுக்கு ஒரே மகள், மதிவதனி. தை மாதம் மதிக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவோம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். பின்னால் கார். அந்தக் காரில் மாப்பிள்ளையை அழைத்து வருவது பெண்ணின் அண்ணன். அண்ணன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன். மதிக்கு அண்ணன் இல்லை. தாய்மாமன் இரண்டு பேர், நானும் என் தம்பி லிங்கமும். மூத்தவன் நான் இருக்கும்போது யார் என்ற கேள்வியே கிடையாது, இல்லையா?

கேள்வி வந்தது.

‘அண்ணே, லிங்கம் அழைச்சிட்டு வரட்டும்’ என்றாள் ராஜகனி.

‘ஏன்?’

‘என் கல்யாணத்துக்கு அவன்தான வந்தான்.’

பாருங்கள், இருபத்தேழு வருஷத்துக்கு முந்தின கதை. அப்போது லிங்கத்துக்குப் பதினாலு வயது. வாடகைக் காரில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். உட்கார்ந்து வந்தது ஒரு காரியமா? அன்றைக்கு ஒரு கப்பலில் புகை என்று தகவல். நான் போகாமல் யார் போவது? ஆறு குழாய் இழுத்து, மூன்று மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தோம். சமையல்காரன் அடுப்பில் மீனை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். ஒரு சட்டி. இன்று வரைக்கும் அந்தச் சட்டியைச் சொல்லிக் காட்டுகிறாள். புகை புகைதான், தம்பி. ஒரு சட்டியிலிருந்து வந்தால் புகை இல்லை என்று ஆகிவிடுமா?

நான் மண்டபத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தேன். நல்ல சாப்பாடு. ராஜகனி அவ்வளவு அலங்காரத்தோடு என் இலைக்கு எதிரே வந்து நின்று, ‘வந்துட்டியளா?’ என்று கேட்டாள். ‘வந்துட்டேன்’ என்றேன். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. விடாப்பிடியாகக் கேட்டதில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

‘ஒங்க வண்டி நடுத்தெருவுல நிக்கப்படாது. மேளக்காரவியள இடிக்கப்படாது. மனுசன் நடக்க மாதிரி போகணும். எங்க தெருவுல ஒரு நாள் சாயங்காலம் ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா லிங்கம்தான். அவன் வெள்ளக் காரு பூப்போலப் போகும்.’

ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் தானாக ஓடும் வேகம் இருக்கிறதே, அதற்கு ஒர்க்ஷாப்பில் ‘ஸ்லோ’ என்று பெயர். ஸ்லோ சரியாக இருந்தால் என் வண்டி தவில்காரர் நடையில் போகும். கூடினால் தவில்காரரைத் துரத்தும். குறைந்தால் செத்துப்போகும். செத்தால் லேசில் பிழைக்காது. சாவியைத் திருகத் திருக உள்ளே பெட்ரோலில் நனைந்துகொண்டே போகும். பிளக்கைக் கழற்றிக் காயவைத்தால்தான் கிளம்பும். ஆக, ஸ்லோவைச் சரியாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் பிலோமினாவிடம் போனேன்.

பிலோமினா படகு இன்ஜின் பார்க்கிறவள். கார்புரேட்டர் உள்ள எதையும் விட மாட்டாள். கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். கெட்டிக்காரிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரிய புத்தகம் ஒன்று வைத்திருந்தாள், இந்த வண்டிக்கே உள்ள புத்தகம், படம் போட்டது. புத்தகத்தை நம்புகிறவர்களிடம் ஒரு கஷ்டம் உண்டு. அனுபவத்தைக் கேட்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மத்தியானம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறாள்.

‘இன்ஜின் நல்லா சூடாகணும். ஆச்சு. சோக் முழுசாத் தொறந்திருக்கணும். ஆச்சு. லைட்டு, பேனு எல்லாம் அணைக்கணும். ஆச்சு. சக்கரத்துக்கு முன்னால கல்லு. ஆச்சு. பெட்ரோல் டேங்க் மூடியக் கழத்தி வைக்கணும்.’

‘எதை?’

‘மூடிய, அண்ணாச்சி.’

‘இன்ஜின் ஓடும்போதா?’

‘ஆமா. படம் பாருங்க. வெயிலுக்கு டேங்க்ல ஆவி கட்டும். மூடி இருந்தா அந்த ஆவி குழா வழியா இன்ஜினுக்கு வந்துரும். இன்ஜின் அதயும் சேத்துத் தின்னுட்டு ஓடும். நாம அதத் தெரியாம ஸ்க்ரூவத் திருகிருவோம். சாயங்காலம் ஆவி அடங்குனதும் தீனி பத்தாம நின்னுரும். மூடி தொறந்திருந்தா ஆவி வெளியே போயிரும். ஸ்க்ரூவும் சரியா நிக்கும்.’

நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். பெட்ரோல் டேங்கைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே இன்ஜினை ஓடவிடு என்று ஒரு புத்தகம் சொன்னால், அது அச்சுப் பிழையாகத்தான் இருக்க வேண்டும்.

‘நீங்க உள்ள உக்காந்து பிரேக்க மிதிச்சுக்கிடுங்க. கியர் போட்டு ஓடும்போதுதான் வைக்கணும்’ என்று சொல்லிவிட்டு இன்ஜினுக்குள் தலையை விட்டுவிட்டாள். நான் டிரைவர் சீட்டுக்குப் போகிற வழியில் வண்டியைப் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். மூடி டிக்கி மேல் இருந்தது. எடுத்தேன், வைத்தேன், இரண்டு திருகு திருகினேன். பானெட் தூக்கியிருந்ததால் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வேலை செய்கிறவர்களைக் குறை சொன்னால் முகம் வாடிப்போகும்.

அப்புறம் அவள் திருகினாள். மீட்டரைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே திருகினாள். ‘தொள்ளாயிரம்... எண்ணூறு... மிதிச்சுக்கிடுங்க, அண்ணாச்சி! எழுநூத்தி எழுவது... எழுநூத்தி அம்பது!’ நிமிஷத்துக்கு எழுநூற்று ஐம்பது சுற்று. புத்தகத்தில் போட்டிருக்கிற கணக்கு. இன்ஜின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நட்டமாக நிறுத்தினாள். நின்றது, தம்பி! நான் உள்ளேயிருந்தே கைதட்டினேன்.

சாயங்காலம் ஆறு மணி. நல்ல கடல்காற்று. ராஜகனி வாசலில் நிற்கிறாள். அவள் வீட்டுக்காரர் சுயம்பு, என் மச்சான், நிற்கிறார். லிங்கம் தன் வெள்ளைக் கார்மேல் சாய்ந்து நிற்கிறான். பிரேக்கை விட்டேன். வண்டி கல்யாணப் பெண் மாதிரி கிளம்பியது. ஒரு வீடு. இரண்டு வீடு. ‘புர்’ என்றது. ‘புர்ர்ர்’ என்றது. நின்றது.

லிங்கம் மெதுவாக நடந்து வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தான். ‘ஏண்ணே, மாப்பிள்ள பட்டு வேட்டியோடயே தள்ளுவாரா, இல்ல வேற உடுப்பு கொண்டுவரச் சொல்லணுமா?’

நான் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினேன். பிளக்கைக் கழற்றினேன்.

திங்கட்கிழமை மறுபடி பிலோமினா. பாவம், கார்புரேட்டரையே பிரித்துக் கழுவி மாட்டினாள். மறுபடி அதே மத்தியானம், அதே வெயில், அதே புத்தகம். மறுபடி மூடியைத் திறந்து வைத்தாள். மறுபடி நான் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். இந்தத் தடவை மூன்று திருகு. மறுபடி எழுநூற்று ஐம்பது. சாயங்காலம் ராஜகனி தெருவில் மூன்று வீடு போய் நின்றது. போன தடவைக்கு இது ஒரு வீடு கூடுதல்தான், ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை.

நீங்களே சொல்லுங்கள். மத்தியானம் சரியாக இருக்கிறது, சாயங்காலம் செத்துப்போகிறது. இதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு மெக்கானிக். மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் வண்டியை யார் தொட்டார்கள்? ஒருவரும் இல்லை. நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தம்பி, பையைக் காலடியில் வைத்திருக்கிறீர்களே, ஜிப்பு பாதி திறந்திருக்கிறது. இருங்கள், இருங்கள். ம், இப்போது சரி.

எங்கே விட்டேன்? மூன்றாவது தடவை, புதன்கிழமை. அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

‘சாயங்காலம் எறங்குதுன்னா, மத்தியானமே கூட்டி வச்சிருவோம், அண்ணாச்சி’ என்றாள் பிலோமினா. பொறுமை போய்விட்டது அவளுக்கு. ஆயிரத்து நூறில் வைத்தாள். அன்றைக்கென்று பார்த்துச் சாயங்காலமும் காற்றே இல்லை. மேகம் மூடி ஒரே புழுக்கம். தெருவே சட்டியில் வைத்து மூடின மாதிரி இருந்தது.

ராஜகனி வேறு, ‘மேளக்காரவிய முன்னால போற மாதிரி ஆள் நிக்கணும். அப்பதான் தெரியும்’ என்றாள். சுயம்பு மச்சான் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். அது தவில். லிங்கம் தினசரிப் பேப்பரைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டான். அது நாதஸ்வரம். இரண்டு பேரும் வண்டிக்கு முன்னால் பந்தாவாக நின்றார்கள். மச்சான் குடத்தில் ஒரு தட்டு தட்டினார். நான் பிரேக்கை விட்டேன்.

தம்பி, வண்டி புறப்பட்ட வேகத்தில் என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது!

மச்சான் இரண்டு தட்டு தட்டுவதற்குள் பம்பர் அவர் கெண்டைக்காலைத் தொட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். நடையைக் கூட்டினார். வண்டியும் வந்தது. ஓட ஆரம்பித்தார். குடம் இடமும் வலமும் ஆடுகிறது. பழக்கதோஷத்தில் கை இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறது.

‘மச்சான், பிரேக்கு! பிரேக்கு!’

‘மிதிச்சா நின்னுரும், மச்சான்!’

‘நிக்கட்டுமே!’

‘நின்னா லிங்கந்தான்னு ராஜகனி சொல்லிட்டாளே!’

லிங்கம் வாயிலிருந்து பேப்பரை எடுக்காமலே ஓடினான். எடுக்க நேரமில்லை. தையல்கடையைத் தாண்டினோம். கரும்புச்சாறு வண்டியைத் தாண்டினோம். ஒரு நாய் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி, ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். தெருமுனையில் மணல் கொட்டியிருந்தது, நல்ல வேளை. மச்சானும் லிங்கமும் மணலில் ஏறி விழுந்தார்கள். நான் மணலில் முட்டி நின்றேன். இன்ஜின் நிற்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தால், தெருவின் அந்தக் கோடியில் ராஜகனி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. பக்கத்தில் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘அண்ணே, வெள்ளிக்கெழம கடைசி. அதுக்கு மேல என்னால முடியாது’ என்றாள். முடியாது என்று சொல்லும்போதே மறுபடி முந்தானையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பிலோமினா ஷெட்டில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

‘அண்ணாச்சி, நான் மூணு நாளும் டேங்க் மூடியக் கழத்தி டிக்கி மேல வச்சேம்லா?’

‘வச்ச.’

‘வேல முடிஞ்சு பாக்கும்போது மூணு நாளும் மூடி டேங்க்லதான் இருந்துச்சு. நான் மூடுன ஞாபகமே எனக்கு இல்ல.’

‘ஒனக்கு எதுக்கும்மா அந்தச் செரமம்? அத நான் அப்பவே, ஏறி உக்காரதுக்கு முன்னாலயே பாத்துக்கிட்டேன்’ என்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னேன்.

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள். டயரிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கொண்டையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கழன்று விழுந்தது. மூன்று தடவை தோற்றுப்போன விரக்தி. சில பேருக்கு அது சிரிப்பாகத்தான் வரும். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் என் அனுபவத்தை மதித்துப் பேசினாள்.

‘அண்ணாச்சி, யோசிச்சுப் பாத்தா நான் பண்ணது பெரிய தப்பு. டேங்கத் தொறந்து போட்டுட்டு, பக்கத்துல காவலுக்கு ஒரு ஆளு நிப்பாட்டாம இருந்திருக்கேன். தீ கீ பிடிச்சா?’

‘அதத்தான் நானும்...’

‘நாளைக்கு நீங்க டேங்க் பக்கத்துலயே நிக்கணும். ஒங்கள மாதிரி ஆபீசர் நின்னாத்தான் எனக்கு வேல ஓடும். மூடி ஒங்க கையிலயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நான் சொல்லுத வரைக்கும் அத யாரும் டேங்க்ல வச்சிரப்படாது. யாரு வந்து கேட்டாலும் குடுக்கப்படாது. ஒங்க பொறுப்பு.’

‘என் உயிரு இருக்க வரைக்கும் குடுக்க மாட்டேன்’ என்றேன். பொறுப்பு என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் வேறு மனிதன்.

‘அப்ப பிரேக்க யாரு மிதிப்பா?’ என்று நானே கேட்டேன்.

‘ராஜகனி அக்காவ வரச் சொல்லுங்க. அவிய கண்ணாலயே பாக்கட்டும்.’

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பழைய பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு வாளி மணலோடும் தீயணைப்பான் உருளையோடும் டேங்க் பக்கத்தில் நின்றேன். மூடியை வலது கையில் தூக்கிப் பிடித்திருந்தேன். பீடியோடு வந்த ஒரு ஆளை நாற்பது அடிக்கு அந்தப் பக்கமே திருப்பி அனுப்பினேன். ராஜகனி டிரைவர் சீட்டில் ஏறினாள். அவள் வாழ்க்கையில் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே கிடையாது.

‘பிலோமி, இது ஓடிரும்போல இருக்கே!’

‘மிதிச்சுக்கிட்டா ஓடாதுக்கா.’

‘இழுக்குதே! காலுக்குள்ள என்னமோ இழுக்குதே!’

‘கல்லு வச்சிருக்குக்கா. மிதிங்க!’

‘ஏ ஆத்தீ!’ என்று கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள். சின்னப் பிள்ளையில் ராட்டினத்தில் ஏற்றிவிட்டால் இப்படித்தான் கத்துவாள், அப்புறம் இறங்கவே மாட்டாள். ஐம்பது வயதுப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் மூடியை டேங்க் பக்கம் கொண்டுபோய்விட்டேன், கவனக்குறைவாக. ‘அண்ணாச்சி!’ என்று ஒரு குரல் வந்தது முன்னாலிருந்து. நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

எழுநூற்று ஐம்பது. அன்றைக்குச் சாயங்காலம் கடல்காற்று குளுகுளுவென்று அடித்தது. ராஜகனி தெருவில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் போய், திரும்பி, மறுபடி போனேன். நிற்கவில்லை. இடிக்கவில்லை. மச்சான் குடத்தைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார், முதலில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு, அப்புறம் பார்க்காமல். லிங்கம்கூட, ‘பரவால்லியேண்ணே’ என்றான்.

இப்போது புரிகிறதா, தம்பி? நான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் சரியாகவில்லை. வெளியே வந்து பொறுப்பாக நின்ற அன்றைக்கு ஒரே தடவையில் சரியாகிவிட்டது. எந்த வேலைக்கும் அதிகாரி ஒருவர் நேரில் நிற்க வேண்டும். பிலோமினாவே இதை ஒத்துக்கொண்டாள். ‘நீங்க கையில மூடியோட நின்னதுதான் அண்ணாச்சி விசயம்’ என்றாள். அவள் வாயாலேயே சொன்னாள்.

ஊர்வலத்தன்று பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிக்கு மல்லிகைச் சரம் கட்டியாயிற்று. பின்சீட்டில் மாப்பிள்ளை. பிளாஸ்டிக் குடம் ஓடின கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. தவில்காரர் கோலப்பன் வாசிக்கிறதுக்கு முன்னால் நேராக என்னிடம் வந்தார்.

‘அண்ணாச்சி, எனக்கு ரெண்டு முட்டியும் வலி. ஓட முடியாது. முன்கூட்டியே சொல்லிட்டேன்.’

‘நடங்க’ என்றேன். ‘நடந்தா போதும்.’

நடந்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அவர் ஓர் அடி வைத்தால் வண்டியும் அவ்வளவே வைத்தது. என் கால் சும்மா இருந்தது. கையை ஸ்டீயரிங்கில் லேசாக வைத்திருந்தேன். எதையும் முடுக்க வேண்டாம், அடக்க வேண்டாம். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது, பூ வாசனை. ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று வண்டிக்குள் குனிந்து பார்க்கிறார்கள், மாப்பிள்ளையைப் பார்க்கிறார்களா என்னைப் பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, தம்பி. ஸ்டீயரிங்கில் நானும் தாளம் போட்டேன்.

தேரடி முனைக்கு வந்ததும் மேளக்காரர்கள் நின்றுவிட்டார்கள். அவர்கள் முனைக்கு முனை நின்று வாசிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி இழுக்கத் தொடங்கினார். நான் பிரேக்கை மிதித்தேன். இதுதான் பெரிய சோதனை. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். மீட்டரையே பார்க்கிறேன். ஊசி எழுநூற்று ஐம்பதில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

அப்போது முன்பக்கத்து இடதுகதவு திறந்தது. ராஜகனி. பட்டுச் சேலையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

‘நீ எங்க இங்க? மண்டப வாசல்ல ஆரத்தியோட நிக்கணும்லா?’

‘தட்ட லிங்கம் கையில குடுத்துட்டேன்.’

‘அவன் கையிலயா?’

‘பிடிக்கட்டும். அவன் எனக்காகப் பதினாலு வயசுலயே கார்ல உக்காந்தவன். இதயும் செய்வான்.’

‘ராஜகனி, இது மாப்பிள்ள வண்டிம்மா.’

‘தெரியும். மாப்பிள்ள, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க’ என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். ‘சரிங்க அத்தை’ என்றார் அவர், வேறென்ன சொல்வார்? என் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: ‘அண்ணன் ஓட்டி ஒரு மாப்பிள்ள அழைப்பு எனக்குப் பாக்கி இருக்கு. ஓட்டுங்க.’

தம்பி, நான் அப்போதுதான் அவளைப் பார்த்தேன். என் இலைக்கு எதிரே வந்து ‘வந்துட்டியளா’ என்று கேட்டாளே, அதே முகம். அன்றைக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சாப்பாடு நினைவிருக்கிற அளவுக்கு அவள் முகம் நினைவில்லை என்பது அந்த முனையில் வைத்துத்தான் தெரிந்தது. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. இப்போது கண் டாக்டரிடம் போவது வேறு விஷயத்துக்கு.

பாட்டு முடிந்து கோலப்பன் நடந்தார். நானும் விட்டேன். மண்டபம் வந்தது. வாசலில் லிங்கம் ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்ற வேண்டியது வலமா இடமா என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற பெண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தான். சுயம்பு மச்சான் வண்டிக்குள் தன் பெண்டாட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

நான் திருப்பப் போனேன்.

‘நேராப் போங்க’ என்றாள்.

‘மண்டபம் வந்துட்டுதும்மா.’

‘நேராப் போங்கண்ணே.’ சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். ‘கோலப்பண்ணே! இன்னொரு சுத்து!’

கோலப்பன் தன் முட்டியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தோளில் வாரை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஊர்வலம் மண்டபத்தைத் தாண்டிப் போனது. பின்னால் பந்திக்குக் காத்திருந்தவர்கள் கத்துகிறார்கள், லிங்கம் தட்டோடு பின்னாலேயே வருகிறான், மாப்பிள்ளை சிரிக்கிறார், எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ராஜகனி மட்டும் சிரிக்காமல் இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒரு வீட்டையும் விடாமல்.

தெரு பாதி வந்திருக்கும். ‘அண்ணே, இன்னும் கொஞ்சம் மெதுவாப் போகாதா?’ என்று கேட்டாள்.

எழுநூற்று ஐம்பதுக்குக் கீழே அந்த வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியாது, தம்பி. அதனால் நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கோலப்பன் திரும்பிப் பார்த்தார். அவராகவே நாதஸ்வரக்காரர் பக்கம் சாய்ந்து, அடுத்த பாட்டை ஆரம்பிக்கச் சொன்னார்.